படகில் தண்ணீர் வடியவில்லையா? அடைப்பைத் தள்ளாதீர்கள், இழுங்கள்

மேல்தளத்தில் நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலமுள்ள இடத்தில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 600 லிட்டர். கடல்நீர்க் கணக்கில் 615 கிலோ. பத்து ஆள் ஒரே பக்கம் போய் நிற்கிற பாரம் அது. படகு எந்தப் பக்கம் உருளுகிறதோ அந்தப் பக்கமே அந்தப் பாரமும் ஓடும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கரையில் நிற்கும் படகுகளில் முதலில் அடைபட்டுக் கிடப்பது வடிகால் ஓட்டைதான், கடைசியில் கவனிக்கப்படுவதும் அதுதான்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி, மூக்கையூர் என்று எந்தத் துறையை எடுத்தாலும் விசைப்படகில் தண்ணீர் வடிகிற இடங்கள் நான்கு. மேல்தளத்தின் பக்கப்பலகை அடியில் உள்ள ஓட்டைகள், மீன் அறையின் வடிகால், அடியில் ஒவ்வொரு வங்குக்காலையும் (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டம்) தாண்டித் தண்ணீர் பின்பக்கம் போவதற்காக விட்டிருக்கும் துளைகள், பிறகு பம்பும் அதன் ஹோஸும். பைபர் வள்ளத்தில் இவற்றோடு பின்பலகையில் தக்கை போட்ட ஓட்டை ஒன்று இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் அடைபடும். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு: அடைப்பை வந்த வழியே திரும்ப இழுத்து எடுக்க வேண்டும். கம்பியை விட்டு முன்னால் தள்ளினால் அது குழாயின் வளைவிலோ வால்விலோ போய் இறுகும். அதற்குப் பிறகு குழாயை அறுப்பதைத் தவிர வழியில்லை.

எது அடைக்கிறது

காரல் மீன் நிறையப் பட்ட நாளில் வடிகால் சீக்கிரம் மந்தமாகும். காரல் விடுகிற வழவழப்பு அவ்வளவு. சூடையும் சாளையும் செதிலை உதிர்க்கும், இறால் தலையையும் மீசையையும் விடும், கணவாய்த் தோல் ஈரத்துணி மாதிரி ஓட்டை வாயில் ஒட்டிக்கொள்ளும். இவற்றில் எதுவும் தனியாக அடைக்காது. கிழிந்த வலையைப் பொத்தும்போது வெட்டிப் போட்ட நைலான் நூல் துண்டு குழாயின் சொரசொரப்பில் மாட்டிக்கொள்ளும். அதில் செதில் சிக்கும், செதில் மேல் வழவழப்பு படியும், தெர்மாகோல் உருண்டைகள் இடைவெளியை நிரப்பும். ஒருநாள் விட்டு ஒருநாள் கடலுக்குப் போகிற இடங்களில், படகு சும்மா நிற்கும் அந்த ஒரு நாள் வெயிலில் இதெல்லாம் காய்ந்து பசை போல் இறுகிவிடும். ஆகவே கழுவுவதானால் மீன் இறக்கிய கையோடு கழுவுங்கள்.

கொதிக்கும் தண்ணீரை முதலில் ஊற்றாதீர்கள். மீனின் வழவழப்பும் ரத்தமும் புரதம். சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு போல் கெட்டிப்பட்டு குழாய்ச் சுவரில் ஒட்டிவிடும். பச்சைத் தண்ணீரால் முதலில் அலசி, வழவழப்பு போன பிறகுதான் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். இன்ஜின் பக்கத்து கிரீஸ், ஆயில் அழுக்குக்கு மட்டும் ஆரம்பத்திலேயே சுடுதண்ணீர் உதவும்.

அடைப்புதானா என்று பாருங்கள்

தண்ணீர் நிற்பதெல்லாம் அடைப்பு அல்ல. ஐஸையும் டீசலையும் அணியத்துப் பக்கம் (படகின் முன்பக்கம்) அதிகமாக ஏற்றினால் படகு தலை குனிந்து நிற்கும், பின்பக்க வடிகாலுக்குத் தண்ணீர் வராது. தளத்தில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஓட்டம் வடிகாலை விட்டு விலகிப் போனால் பாரத்தை மாற்றி வைத்தாலே போதும்.

ஓட்டம் சரியாக இருந்தும் தண்ணீர் நின்றால் 10 லிட்டர் வாளிச் சோதனை செய்யுங்கள். ஒன்றரை அங்குல ஓட்டை சுத்தமாக இருந்தால் அதன்மேல் தேங்கும் ஒரு வாளித் தண்ணீர் சுமார் இருபது விநாடியில் போய்விடும். ஒரு நிமிடம் பிடித்தால் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கிறது. தண்ணீர் விட்டு விட்டு, களக் களக் என்று சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினால், அடைப்பு மேலே இல்லை, வளைவுக்கு அப்பால் இருக்கிறது. வெளிவாயில் கை வைத்துப் பார்த்தால் தண்ணீர் கசிகிறதா, ஒன்றுமே வரவில்லையா என்பது தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: 3 மி.மீ. எவர்சில்வர் கம்பி இரண்டு மீட்டர், முனையைச் சிறு கொக்கியாக வளைத்து, கூர் தெரியாமல் மழுக்கியது. 8 மி.மீ. நைலான் கயிறு. குழாய்க்குள் போகும் அளவில் ஒரு பாட்டில் பிரஷ் அல்லது பனந்தும்பு பிரஷ். அரை அங்குல ஹோஸ் பத்து மீட்டர், ஒரு ரப்பர் கவிழ்ப்பான் (பிளஞ்சர்), ரப்பர் கையுறை, டார்ச். இவற்றோடு மென்மையான மரத்தில் கூம்பாகச் சீவிய ஆப்பு, கடலுக்குத் திறக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒன்று. ஆப்பைப் பெட்டியில் போட்டு வைக்காமல் அந்தந்த வால்வுக்குப் பக்கத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் பீறிடும்போது தேட நேரம் இருக்காது.

மேல்தளத்து ஓட்டைகள்

இதுதான் எளிது. பக்கப்பலகையை ஒட்டிக் கிடக்கும் கயிறு, ஐஸ் பெட்டி, வலை மடிப்பு எல்லாவற்றையும் நகர்த்துங்கள். கம்பிச்சல்லடையைக் கழற்றி, கொக்கியை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். நூல் கொக்கியில் சுற்றிக்கொண்டு வரும், அதோடு மீதியும் வரும். வெளியிலிருந்து ஹோஸ் வைத்து உள்நோக்கித் தண்ணீர் அடித்து முடியுங்கள்.

சல்லடைக் கம்பிகளுக்கு நடுவே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி வையுங்கள். கொசுவலை மாதிரி நெருக்கமான வலையைக் கட்டினால் ஒரு தடவை வலை இழுப்பதற்குள் மூடிக்கொள்ளும். வெளிப்பக்கம் ரப்பர் மடல் இருந்தால் அது வெளியே மட்டும் திறக்க வேண்டும், அதன் மேல் பெயின்ட் பூசி ஒட்டவைத்துவிடக் கூடாது. வெளிவாயைச் சுற்றிக் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிறு சிப்பி போன்றது) பிடித்திருந்தால், படகு கரையேறியிருக்கும்போது சுரண்டியால் எடுங்கள். உளியால் தட்டினால் ஓட்டை விளிம்பு பிளக்கும்.

மீன் வழுக்கிக் கடலில் விழக் கூடாது என்று சிலர் இந்த ஓட்டைகளைப் பலகைத் துண்டால் அடித்து மூடி வைக்கிறார்கள். கடல் அடிக்கும் காலத்தில் இதைவிட ஆபத்தான வேலை கிடையாது. மீனைத் தடுக்க வேண்டுமானால் குறுக்கே இரண்டு கம்பி போடுங்கள், தண்ணீர் போகட்டும்.

மீன் அறை

அதிகக் கஷ்டமும் அதிக நஷ்டமும் இங்கேதான். 50 கிலோ ஐஸ் பார் ஒன்று உருகினால் 50 லிட்டர் தண்ணீர். அது வடியாவிட்டால் அடி வரிசை மீன் ரத்தத் தண்ணீரில் ஊறி வயிறு வெடிக்கும், ஏலத்தில் விலை விழும். தண்ணீர் பலகை விரிசல் வழியே பஞ்சு போன்ற குளிர்காப்பு அடைப்புக்குள் இறங்கினால் அதை உலர்த்தவே முடியாது. பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் நிற்காது.

இறங்கும் முன் ஒரு எச்சரிக்கை. மூடிக் கிடந்த மீன் அறையில் அழுகல் தண்ணீர் தேங்கியிருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேரும். லேசாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவார். நாற்றம் நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மூடியைத் திறந்து குறைந்தது அரை மணி நேரம் காற்றாட விடுங்கள், ஊதுவிசிறி இருந்தால் அதன் வாயை அடித்தளம் வரை இறக்கி ஓட்டுங்கள், ஏனென்றால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தேங்கிய தண்ணீரை மேலிருந்தே பம்பு வைத்து எடுங்கள். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க, மேலே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்தால் மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும், குதிக்கக் கூடாது.

அறை காலியானதும் தரைப்பலகைகளைத் தூக்கி, செதில், தலை, தெர்மாகோல் எல்லாவற்றையும் கையால் அள்ளிச் சாக்கில் போடுங்கள். ஹோஸால் அடித்து வடிகாலுக்குள் விரட்டுவது அடுத்த அடைப்புக்கு விதை போடுவது. பிறகு வடிகால் எங்கே போய் விழுகிறதோ அந்தக் குழிப்பக்கம் போங்கள். ஹோஸ் முனையில் ஈரத்துணியைச் சுற்றி குழாய் வாயில் இறுக்கமாகச் செருகி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பின்னோக்கி அனுப்புங்கள். ஐந்து விநாடி திற, மூடு, மறுபடி ஐந்து விநாடி. அடைப்பு மீன் அறைக்குள் கொத்தாக வந்து விழும். நூல் தெரிந்தால் கொக்கியால் சுற்றி இழுங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிகிற நேர்க்குழாயாக இருந்தால் நைலான் கயிற்றின் நடுவில் துணி முடிச்சுப் போட்டு முன்னும் பின்னும் இழுத்தால் சுவரில் படிந்ததும் வந்துவிடும்.

கம்ப்ரசர் காற்றை வைக்காதீர்கள். பிவிசி குழாய் பசை போட்ட மூட்டில் கழன்றுகொள்ளும். மூட்டு குளிர்காப்புக்குப் பின்னால் மறைந்திருப்பதால் கழன்றது தெரியாது, வடிகிற தண்ணீரெல்லாம் அங்கேயே இறங்கும்.

வழி திறந்த பிறகு, ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் சலவைச்சோடா கரைத்து குழாயில் நிரப்பி, மறுவாயை ஆப்பு வைத்து அடைத்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அலுமினியத் தகடு போட்ட அறையாக இருந்தால் சோடா வேண்டாம், பாத்திரம் கழுவும் சோப்பே போதும். அலசி முடித்ததும் கிருமி போக 10 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 7 கிராம் பிளீச்சிங் பவுடர். அதைக் கலக்கிக் கால் மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் குழாயில் விட்டால் அதுவே கல்லாகப் படியும். பத்து நிமிடம் கழித்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் எதுவும் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிரை எடுக்கும்.

மீன் அறைத் தண்ணீர் இன்ஜின் அறைக் குழியில் போய் விழும்படி சில படகுகளில் குழாய் போட்டிருக்கிறார்கள். கொழுப்பும் ஆயிலும் கலந்து பம்பைக் கட்டிப்போடுவதற்கு இதுவே காரணம். மீன் அறைக்குத் தனிக் குழி, தனிப் பம்பு வையுங்கள். குழியில் நிற்கும் வடிகட்டிப் பெட்டிக்கு, ஒன்றரை அங்குலக் குழாய் என்றால், 8 மி.மீ. துளை எழுபதாவது வேண்டும். அப்போதுதான் பாதித் துளை மூடிய பிறகும் பம்புக்குத் தண்ணீர் தட்டாது.

அடியில், வங்குக்கால் துளைகள்

மரப்படகில் ஏராவை (நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டை) ஒட்டி இருபுறமும் ஓடும் இந்தத் துளைகளில் ஒன்று அடைந்தால் போதும், அதற்கு முன்னால் உள்ள தண்ணீர் பம்பு வரை வராது. பம்பு காற்றை இழுக்கும், அடி காய்ந்துவிட்டது என்று நினைப்போம், அணியத்துப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நல்ல தண்ணீர் தேங்கும் இடத்தில் மரம் உளுத்துப்போவதும் இதனால்தான்.

இதற்குப் பழைய முறையே சிறந்தது. எல்லாத் துளைகள் வழியாகவும் முன்னிருந்து பின்வரை ஒரே நைலான் கயிற்றைக் கோத்து நிரந்தரமாக விட்டுவிடுங்கள். முன்முனையில் ஒரு வளையம், பின்முனையில் ஒரு வளையம், இரண்டும் கை எட்டும் இடத்தில். துளை 25 மி.மீ. என்றால் கயிறு 8 மி.மீ. இருக்கட்டும், தண்ணீர் போக இடம் வேண்டும். கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவையும் இரண்டு ஆள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பத்துத் தடவை ரம்பம் போல் இழுத்தால் துளை அடையாது. கயிறு இறுகி நின்றால் எந்த வங்குக்காலில் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையேறி வேலை நடக்கும்போது இந்தத் துளைகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இழைப்புச் சீவல், பலகை இடுக்கில் அடைக்கிற கலப்பத்துப் பஞ்சு, பெயின்ட் பொருக்கு, சிந்திய பசை எல்லாம் உள்ளே போய்ச் சேரும் காலம் அது. படகை இறக்குவதற்கு முன் அணியத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அது பின்குழிக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வராத படகை இறக்காதீர்கள்.

பம்பும் ஹோஸும்

பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் அடிவால்வும் சல்லடையும். அடுத்து உறிஞ்சும் ஹோஸ்: உள்ளே கம்பிச்சுருள் பதித்த ஹோஸாக இல்லாவிட்டால் உறிஞ்சும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும், நிறுத்தியதும் பழையபடி உருண்டுவிடும், அடைப்பு போலவே ஏமாற்றும். வெளியே வரும் தண்ணீரில் குமிழி குமிழியாகக் காற்று வந்தால் மூட்டில் காற்று இழுக்கிறது. ஒவ்வொரு மூட்டாகக் கிரீஸைத் தடவுங்கள், எதில் தடவியதும் உறிஞ்சல் கூடுகிறதோ அந்தக் கிளிப்பை மாற்றுங்கள்.

ரப்பர் இம்பெல்லர் (சுழலும் இதழ்ச் சக்கரம்) உள்ள பம்பு தண்ணீரில்லாமல் சிறிது நேரம் ஓடினாலே இதழ் கிழியும். கிழிந்த இதழைப் புதிதாக மாற்றினால் மட்டும் போதாது, கிழிந்த துண்டுகளை எண்ணித் தேடி எடுக்க வேண்டும். அவை வெளிக்குழாயின் முதல் வளைவில் போய் உட்கார்ந்திருக்கும். பேட்டரி பம்பில் நைலான் நூல் தண்டைச் சுற்றி இறுகியிருக்கும். ஒயரைக் கழற்றிய பிறகே கையை விடுங்கள். பம்பு ஓடும்போது பேட்டரியில் 12 வோல்ட்டும் பம்பு முனையில் 11-க்குக் கீழும் காட்டினால் குழாயில் குற்றமில்லை, ஒயர் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறது.

நீர்மட்டத்துக்குக் கீழே திறக்கும் குழாயைப் படகு மிதக்கும்போது கழற்றாதீர்கள். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே உள்ள 25 மி.மீ. ஓட்டை வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் உள்ளே வரும். வால்வை மூடிவிட்டோம் என்று நம்பிக் கழற்றினாலும், வால்வுக்குள் ஒரு சிப்பித் துண்டு மாட்டியிருந்தால் அது முழுதாக மூடியிருக்காது. கரையேற்றிச் செய்ய வேண்டிய வேலை இது.

பைபர் வள்ளத்தில் கரையேற்றியதும் அணியத்தை உயர்த்தி வைத்துத் தக்கையைக் கழற்றுங்கள். அடைப்பது பெரும்பாலும் மணலும் கடல்தாழையும் (கடற்புல்). விரலாலும் தண்ணீராலும் எடுங்கள். கம்பியால் குத்தினால் மரையும் பைபர் விளிம்பும் தேயும், பிறகு எந்தத் தக்கையும் இறுகாது. மரையில் மணல் இல்லாமல் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மூடுங்கள். தக்கைக்குக் கயிறு கட்டாயம்.

கடையில் விற்கும் குழாய் அடைப்புப் பவுடரில் காஸ்டிக் சோடா இருக்கும். அலுமினியத்தில் பட்டால் அதைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும், மரத்தின் நாரைப் பஞ்சாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். அதன்மேல் நைலான் நூலையும் தெர்மாகோலையும் அது கரைப்பதே இல்லை. கழிவறை ஆசிட் இரும்பையும் எவர்சில்வரையும் அரிக்கும். இரண்டும் படகில் ஏற வேண்டாம்.

அள்ளிய தெர்மாகோலையும் நூலையும் சாக்கில் கட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் குழித் தண்ணீரில் ஆயில் மிதந்தால், பழைய துணியைப் போட்டு ஒற்றி எடுத்த பிறகே பம்பை ஓட்டுங்கள். தென்கடலில் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. ஆவுளியா (கடற்பசு) மேய்கிற தாழையும் நமக்கு மீன் தருகிற பவளப்பாரும் அங்கேதான்.

திரும்பத் திரும்ப அதே குழாய் அடைத்தால் குழாய் போட்ட விதத்தில் குறை. சரிவு மீட்டருக்கு 2 செ.மீ. ஆவது வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் கிளிப் வைத்துத் தூக்குங்கள். 90 டிகிரி எல்போ இருக்கும் இடத்தில் 45 டிகிரி எல்போ இரண்டைப் போடுங்கள். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து அதன் வாயை மரைமூடியால் மூடினால், அடுத்த தடவை மூடியைத் திறந்து கொக்கியை நேரே விடலாம். குழாயைப் புதிதாகப் போட்ட அன்றே வாளிச் சோதனை செய்து, எத்தனை விநாடியில் வடிந்தது என்பதைப் பக்கத்துப் பலகையில் பெயின்டால் எழுதி வையுங்கள்.